பன்னிரண்டு வோல்ட் வீடு

வீட்டைவிட்டு மாமனார் வெளியே போன அன்று, எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மாசி மாதம், சாயங்காலம் ஆறரை மணி. நான் அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்ததும் ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இன்வெர்ட்டர் வழக்கம்போல ஒரு கணம் யோசித்து, கீச்சென்று கத்தி, அடங்கிப்போனது. அதன் பேட்டரி வீணாய்ப்போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது நாற்காலி சுவரை ஒட்டிக் கிடந்தது. அவர் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

தெருவில் இறங்கி முதலில் இடது பக்கம் ஓடினேன். பாதி தூரம் போனதும் வலது பக்கம்தான் போயிருப்பார் என்று தோன்றித் திரும்பி ஓடினேன். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் போனார். நான் ஜங்ஷன் ரோட்டில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டேன். வேட்டி, நீலச் சட்டை, காலில் செருப்பில்லை. யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு பூக்காரம்மா மட்டும் லாரிகள் நிற்கும் திசையைக் கையால் காட்டினாள்.

டீக்கடைக்கு எதிரே ஒரு லாரியின் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் மாமனார். லாரிக்காரர் அவரைத் திட்டவில்லை. பக்கத்தில் நின்றபடி, கையில் வாங்கிவைத்திருந்த டீயை அவரைக் குடிக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரு சாவி கேக்கறாருங்க," என்றார் என்னிடம். "லோடு நிக்குதாம். இருட்டறதுக்குள்ள எறக்கணுமாம்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், சீட்டு போட்டாச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். செராமிக் எஸ்டேட்டுக்குக் களிமண் லோடு அடிப்பதுதான் வேலை. அந்த எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில்தான் நானும் இருக்கிறேன். மின்சாரக் கம்பங்களிலும் மீட்டர் பெட்டிகளிலும் வைக்கிற பீங்கான் பியூஸ் கேரியர்கள் சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே எங்கோ மயிரிழை வெடிப்பு இருக்கிறது, ஒதுக்கிவிடுவேன். அவர் ஓட்டிய காலத்தில் எஸ்டேட் வாசலில் லோடுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்த ஒரு பெண்மணி இருந்திருக்கிறார். மாமனாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு மருமகள் மறைந்துபோய், அந்த மேடம் ஆகிவிட்டேன் நான். காலையில் பல நாள் நான் நானாகவே இருப்பேன். "ஏம்மா, சாப்டியா?" என்று கேட்பார். மூன்று மணிக்கு மேல் மேடம்தான்.

மாமியார் இறந்து ஆறு வருஷம். மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். ஆக வீட்டில் நானும் மாமனாரும்தான். பகலில் நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா தன் தையல் மெஷினை எங்கள் ஹாலில் போட்டு உட்கார்ந்து தைப்பார். "எங்க தச்சா என்னா, தையல் தையல்தான்," என்பார். நாலரை மணிக்கு நான் வந்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு அலைச்சல் ஆரம்பமாகும். வெயில் சாயச் சாய அவர் எழுந்து நடப்பார். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பின் அறை, அங்கிருந்து வாசல். லோடு நிற்கிறது, போக வேண்டும், நேரமாகிவிட்டது. இதையே சொல்லிக்கொண்டு நடப்பார். டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார், மருந்தும் எழுதிக் கொடுத்தார். மருந்து சாப்பிட்டால் நடை மெதுவாகும். நிற்காது.

அவரோடு நானும் நடந்து நடந்து, எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது போலத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார முடியாது, நின்றுகொண்டே வருவேன். சாப்பிடும்போது மூன்று தடவை எழுந்திருப்பேன்.

லாரி நிற்குமிடத்திலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, அவராகப் போகவில்லை, அந்த இருட்டுதான் அவரை வெளியே தள்ளியது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கரண்ட் போகிற அந்த ஒரு நொடி அவருக்கு என்னவோ ஆகிறது. கிணற்றில் விழுந்தவர் மாதிரி கைகளை வீசுகிறார். இன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்த காலத்தில்கூட, விளக்கு அணைந்து மறுபடி எரிவதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியும் அதன் கீச்சொலியும் போதும், ஒரு மணி நேரத்துக்கு அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

இன்னொரு பயமும் இருந்தது. அவர் கை சும்மா இருக்காது. எதையாவது திருகிக் கழற்றும். ஒரு நாள் கரண்டிக் காம்பால் சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுவிட்டார். ஷாக் அடித்துப் பின்னால் சாய்ந்தவரை அக்காதான் தாங்கிப் பிடித்தார். விரல் நுனி கறுத்திருந்தது. "என்னா மேடம், ஒயரு லீக்காவுது," என்று என்னிடம் புகார் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். பெரிய இன்வெர்ட்டராகப் போட்டுக்கொள்ளலாம், சுவிட்சுகளை எல்லாம் மேலே ஏற்றிவிடலாம், லீவில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். லீவு எப்போது என்று கேட்டேன். இன்னும் தெரியவில்லை என்றார். அங்கே வெயில் காலம் தொடங்கினால் ஏசி மெக்கானிக்குக்கு லீவு கிடையாது. எனக்கும் அது தெரியும், ஆனாலும் கேட்டேன்.

வழி கிடைத்தது எங்கள் எஸ்டேட் வாட்ச்மேன் கொட்டகையில். அவர் கூரைமேல் ஒரு சின்ன சோலார் தகடு வைத்திருந்தார். கீழே ஒரு பேட்டரி, அதிலிருந்து ஒரு பல்பு. ஒரு நாள் மழைத் தூறலுக்காக அங்கே ஒதுங்கியபோது, எரிந்துகொண்டிருந்த பல்பின் ஒயரை அவர் வெறுங்கையால் பிரித்து, முறுக்கி, மறுபடி மாட்டினார். நான் பதறிப்போய்க் கையை நீட்டிவிட்டேன்.

"பன்னெண்டு வோல்ட்டும்மா," என்றார் அவர். "இது கடிக்காது."

இந்தப் பல்புக்கு வெளிக் கரண்டே தேவையில்லையா என்று கேட்டேன். தேவையில்லை, இது எப்போதும் பேட்டரியில்தான் எரிகிறது, ஊரில் கரண்ட் போனாலும் வந்தாலும் இதற்குத் தெரியாது என்றார். நான் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அணைந்து எரிய வேண்டியதில்லை. மாறுகிற நொடி என்று ஒன்று கிடையாது. விரலை விட்டாலும் ஒன்றும் ஆகாது. இத்தனை வருஷம் கரண்டுக்கான சாமான்களைத் தட்டித் தட்டி அனுப்பியும், கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். வளைகுடாவில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து, சோலார் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பாய் அங்கே இருக்கிறார் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அவர் முதலில் கேட்டது மாமனாரின் உடம்பைப் பற்றித்தான். எவ்வளவு நாளாக இப்படி, தூங்குகிறாரா, யார் கூட இருக்கிறார்கள். பிறகு ஒரு தாளில் படம் போட்டார். மாடியில் தகடு. அதிலிருந்து வரும் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்கு அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி, கன்ட்ரோலர். பேட்டரி. அதிலிருந்து விளக்குகள்.

"பேட்டரி ஷாக் அடிக்காதுங்க. ஆனா ரெண்டு ஒயரும் ஒட்டிச்சின்னா பழுக்கும், தீப் புடிக்கும்," என்றார். "பேட்டரி பக்கத்துலயே பியூஸ் போடாம ஒயர் இழுக்காதீங்க. எனக்கு வாக்கு குடுங்க."

வாக்குக் கொடுத்தேன். பியூஸ் கேரியர் மட்டும் நானே கொண்டுவருகிறேன் என்றதும் சிரித்தார். யூனிட்டில் மேனேஜரிடம் கேட்டு, நானே தட்டிப் பார்த்த இரண்டை எடுத்து வந்தேன்.

தகட்டை மாடியில் நிறுத்த ஒரு வெல்டர் வந்தார். சுவிட்ச் போர்டுகளை எட்டாத உயரத்துக்கு ஏற்ற ஒரு ஒயர்மேன் வந்தார். ஃபேன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாம் பழைய கரண்டிலேயே இருந்தன. விளக்குகளுக்கான புதிய ஒயரை நானே இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் பிளாஸ்டிக் பட்டி அடித்து, அதற்குள் ஒயரை அழுத்தி மூடினேன். மாமனார் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். சில சமயம் பிடித்திருப்பதை மறந்து போய்விடுவார், நான் சுவரைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்குவேன். அந்த வேலையில் எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிற நேரம் மட்டும்தான் உள்ளுக்குள் இருந்த படபடப்பு அடங்கியது.

பேட்டரியைக் கொண்டுவந்து இறக்கிய காலையில் ஒன்று நடந்தது. மாமனார் அதன் எதிரே குந்தி உட்கார்ந்தார். மூடியைத் தடவினார். டெர்மினல்களை வேட்டி நுனியால் துடைத்தார்.

"தண்ணி பாத்தியாம்மா?" என்றார்.

பார்க்கவில்லை என்றேன்.

"பாக்காம மாட்டக் கூடாது. கிரீஸ் தடவு. இல்லன்னா பச்ச பூத்துடும்."

குரல் தெளிவாக இருந்தது. மேடம் இல்லை, அம்மா. நான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் டப்பாவையும் கிரீஸையும் சேர்த்து எடுத்து வந்தேன், எது வேண்டும் என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல். கிரீஸை வாங்கிச் சுண்டுவிரலால் பூசினார். அந்த நிமிஷம் நீள வேண்டும் என்று நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். எழுந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு, லாரி எங்கே என்று கேட்டார். பேட்டரியில் அமிலம் இருப்பதால் அதன் பிறகு அதைக் காற்றோட்டமுள்ள ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

முதல் சாயங்காலம் விளக்குகளைப் போட்டபோது ஹால் பளீரென்று இருந்தது. பின் அறை, அவர் படுக்கிற அறை, மங்கலாக இருந்தது. பல்பை மாற்றினேன், அப்படியேதான் இருந்தது. வீட்டுக்காரர் வீடியோ காலில் பார்த்துவிட்டுப் பல்பு மட்டம் என்றார். பாய் கொடுத்திருந்த, வோல்ட் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட், பின் அறையில் பதினொன்றுதான். ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. மீட்டரில் தப்பு இருக்கும் என்றார் அவர். இருநூற்று முப்பது வோல்ட் கரண்டில் பழகியவருக்கு ஒன்றரை வோல்ட் ஒரு கணக்கா என்ன. நான் பாய்க்குப் போன் செய்தேன். "என்னா ஒயரு போட்டீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். வீட்டில் கிடந்த மெல்லிய ஒயரை இழுத்திருந்தேன். வோல்ட் குறைவாக இருக்கும் இடத்தில் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், தூரம் போகப் போக இன்னும் தடிமனாக. அடுத்த ஞாயிறு அத்தனையும் பிரித்து மறுபடி இழுத்தேன். பின் அறை பளிச்சென்று ஆனது.

அந்தப் பளிச்சுதான் அடுத்த தொந்தரவு. அன்று சாயங்காலம் மாமனார் ஜன்னல் கண்ணாடி எதிரே நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வெளியே இருட்டு, உள்ளே வெள்ளை வெளிச்சம். கண்ணாடியில் அவர் உருவமே தெரிந்தது.

"ஒருத்தன் நிக்கிறான் மேடம். போடான்னாலும் போவ மாட்டேங்கறான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம், வயசானவன். ஒரு நாற்காலி குடுங்க."

நான் உண்மையிலேயே ஒரு நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டேன். வேறென்ன செய்வது. மறுநாள் திரை தைத்துத் தரச் சொல்லி அக்காவிடம் கேட்டேன், வெள்ளை பல்புகளைக் கழற்றிவிட்டு மஞ்சள் சாயல் உள்ள, வெளிச்சம் குறைந்த பல்புகளை மாட்டினேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், அவர் நடக்கிற பாதையெல்லாம், சின்னப் பட்டை விளக்குகளை ஒட்டினேன். நிழல்கள் குறைந்தன. ஜன்னலில் நின்ற ஆள் போய்விட்டார். வைகாசி முடிவதற்குள் மாமனாரின் சாயங்காலங்கள் கொஞ்சம் மாறின. நடந்தார், ஆனால் வாசல் கதவை நோக்கிப் போகவில்லை. தெருவில் கரண்ட் போகும்போது பக்கத்து வீடுகள் கறுக்கும், எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. ஃபேன் மட்டும் சத்தமில்லாமல் நிற்கும். "காத்து வுழுந்துடுச்சி," என்பார், அவ்வளவுதான்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. ஒரு ஞாயிறு வந்தால் ஒரு விளக்கு. அடுப்படிக்கு ஒன்று போட்டேன், பிறகு மாடிப்படிக்கு, வாசலுக்கு, அக்காவின் தையல் மெஷினுக்கு மேலே. பின் அறைக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன ஃபேன்கூட வாங்கி மாட்டினேன். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கன்ட்ரோலரில் தெரியும் எண்ணைப் பார்ப்பது பழக்கமாகிப்போனது. எழுந்ததும் பார்ப்பேன், வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பேன், வந்ததும் செருப்பைக் கழற்றாமல் பார்ப்பேன். யூனிட்டில் உட்கார்ந்திருக்கும்போது மேகம் வந்தால் மனசு தகட்டுக்கு ஓடும். எஸ்டேட்டின் வெள்ளைத் தூசியும் நிலக்கரிச் சுரங்கப் பக்கமிருந்து காற்றில் வரும் கறுப்புத் தூசியும் அதில் படியும். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஈரத்துணியோடு மாடிக்குப் போனேன். என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, நான் தட்டாமலே இரண்டு பியூஸ் கேரியர்களை நல்ல பெட்டியில் போட்டதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் வெயில் முகமே தெரியவில்லை. எண் இறங்கிக்கொண்டே வந்தது. நாளைக்கு வெயில் வரும், நாளைக்கு வரும் என்று நான் ஒரு விளக்கையும் அணைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால், நான் மாமனாருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வீடு முழுக்க ஒரே நொடியில் அணைந்தது. பேட்டரி அடியோடு தீர்ந்து கெட்டுப்போகாமல் இருக்க, கன்ட்ரோலர் தானாகவே எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. அது தன் வேலையைத்தான் செய்தது. தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு மட்டும்தான் இருட்டு.

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் ஓடினார். தையல் மெஷின் கால் இடறி விழுகிற சத்தம் கேட்டது. நெற்றியில் நான்கு தையல். அரசு ஆஸ்பத்திரியில் தைக்கும்போது அவர் அழவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வண்டி கவிழ்ந்துவிட்டதா, கிளீனருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வீட்டுக்காரருக்குச் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார். நான் போனை வைத்தேன். அவர் சொன்னது வேறு விஷயம். ஆனால் தப்பு என்னுடையது என்பது எனக்குத் தெரியும். மாமனாருக்காகப் போட்ட பேட்டரியில், என் மனசை அடக்குவதற்காக ஊர்ப்பட்ட விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தேன்.

மறுநாள் மழையோடு மங்கலம்பேட்டைக்குப் போனேன். பாய் என்னைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் முதல் மழைக்காலத்தில் இப்படித்தான் வருகிறார்கள் என்றார். மாமனாரின் அறைக்கும் அவர் நடக்கிற பாதைக்கும் தனியாக ஒரு பேட்டரி, அதில் வேறு எதையும் சேர்க்கக் கூடாது. வெயில் இல்லாத நாளில் வெளிக் கரண்டில் அதை ஏற்றிக்கொள்ள ஒரு சார்ஜர். எண் குறைந்தால் மெல்லிசாக ஒலிக்கும் ஒரு மணி. இவ்வளவுதான் சொன்னார். எல்லாவற்றையும் வாங்கி வந்து மாட்டிவிட்டு, மாடிப்படி விளக்கைக் கழற்றினேன். வாசல் விளக்கையும் அந்தச் சின்ன ஃபேனையும் கழற்றினேன். கழற்றுவது மாட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. அதன் பிறகு மழைக்காலம் முழுவதும் அவர் பாதை ஒரு முறைகூட அணையவில்லை.

தை மாதம் வீட்டுக்காரர் ஒரு மாத லீவில் வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு "அப்பா" என்று கூப்பிட்டார். மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்து, வண்டி பார்க்க வந்த ஆள் என்று நினைத்து, உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் சிரித்தார். போனில் நான் எத்தனையோ தடவை சொன்னதுதான். ஆனாலும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டாம் நாள் காலையில் கருவிப் பையைத் திறந்து, என் மரப்பெட்டியின் எதிரே உட்கார்ந்தார். என் முடிச்சுகளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பெரிய இன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, வீடு முழுக்க ஒரே ஒழுங்காகச் செய்துவிடலாம் என்றார். அவர் கை பியூஸ் கேரியரைப் பிடுங்கப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

"பிரிங்க, வேணாங்கல. ஆனா ஒரே ஒரு சாயங்காலம் அவரோட இருங்க. நான் இருக்க மாட்டேன். அப்புறம் பிரிங்க."

"என்னா பேசற நீ? எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றேன்.

அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொன்ன உடனே தெரிந்தது. எடுக்க விருப்பமும் இல்லை. நான்கு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே என்னால் உட்கார முடியவில்லை. வெங்காயம் உரித்தேன், துணி மடித்தேன், அக்கா மடித்த துணியையும் பிரித்து மறுபடி மடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. முதலில் ஒருவர் நடை. வாக்குவாதம் மாதிரி ஏதோ குரல். ஏதோ விழுந்த சத்தம். பிறகு இரண்டு பேர் நடை. எட்டு மணிக்குப் போனபோது வீட்டுக்காரர் சட்டை வேர்வையில் நனைந்து, பின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். மாமனார் தூங்கியிருந்தார். நடுவில் தெருவில் கரண்ட் போய் வந்ததா என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். போய் வந்தது, அரைமணி நேரம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு அவர் எதையும் பிரிக்கவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயரிலும் சின்னச் சீட்டு ஒட்டி, அது எங்கே போகிறது என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார். என் முடிச்சுகள் சிலவற்றை இறுக்கினார். மீதி நாட்களில் சாயங்காலம் அப்பாவோடு நடந்தார். எங்கே போகிறோம் என்று மாமனார் கேட்டால் சேத்தியாத்தோப்பு என்பார். இன்னும் எவ்வளவு தூரம் என்றால், பாலம் தாண்டியதும் என்பார். இப்படிப் பதில் சொல்லலாம் என்று எனக்கு இத்தனை நாளாகத் தோன்றியதில்லை. அந்தப் பதிலைக் கேட்டால் மாமனார் கொஞ்சம் உட்காருவார். நான் அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு முழு டீயைக் குடித்தேன்.

லீவு முடிந்து அவர் கிளம்பிய நாள், மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"மேடம், நம்மகூட ஒருத்தர் வருவாரே, அவுரு எங்க?"

வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன்.

"நல்ல மனுஷன். எம் பையன் மாரி பேசறாரு," என்றார். "வந்தா சொல்லுங்க, லோடு நான் பாத்துக்கறேன், அவுரு வூட்டுக்குப் போவட்டும்."

இதை வீட்டுக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் மனசுக்குள் போட்டு உருட்டினேன். யூனிட்டில் உட்கார்ந்தும் அதுதான், பஸ்ஸில் நின்றும் அதுதான். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. ஒப்பந்தம் ஆடியில் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார். எப்போது எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நேற்று என்றார். நான் சொல்வதற்கு முன்னாலேயே.

மங்கலம்பேட்டை பாயிடம் வேலை இருக்குமா என்று கேட்டு வைக்கச் சொன்னார். சரி என்றேன். வருவாரா, வந்தால் இங்கே தரிப்பாரா, எனக்குத் தெரியாது. ஆடிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பின் அறையில் மாமனார் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார். போனை வைத்துவிட்டு, இன்றைக்கு எந்த ஊருக்கு லோடு என்று அவரைக் கேட்டேன்.